சின்னதா பெரிசா என்று கேட்பவர்களுக்கு

டெக்சஸில், இர்விங்கில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள், மற்ற தமிழர் வீடுகளில் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்பார்கள். கிரீன் கார்டு, வீட்டு விலை, பிள்ளைகளின் ஸ்கூல் எல்லாம் பேசி முடித்து ரசத்துக்கு வரும்போது, யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்துவார். "அங்கிள், ரைஃபிள் மேல வெச்சுக் குறி பாக்கற ரெட் டாட் ஒண்ணு வாங்கணும். காம்பாக்ட் வாங்கறதா, ஃபுல் சைஸ் வாங்கறதா?" உடனே என் மனைவி மாலா மோர் எடுத்து வர உள்ளே போய்விடுவாள். அந்த மோர் வந்து சேர அரை மணி நேரம் ஆகும்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையின் இணையதளத்தில் இப்போது ஒரு வசதி செய்திருக்கிறார்கள். என்ன துப்பாக்கி, எவ்வளவு தூரம், எதைச் சுடப்போகிறாய் என்று சில கேள்விகளைக் கேட்கும். பதில் சொன்னால், இதை வாங்கு என்று நொடியில் சொல்லிவிடும். கடையில் இப்போது இருக்கும் பையன்கள் என்னைக் கூப்பிட்டு, "இது சரியா சொல்லுதான்னு பாருங்க மனோகர்" என்றார்கள். உட்கார்ந்து பார்த்தேன். நல்ல பதில்தான் சொன்னது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். டாக்டர் நாச்சம்மாள் என்ற வாடிக்கையாளர் விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் மாட்டிக்கொண்டு முழித்தேன். அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் தமிழ்ச் சங்க மலர்க்காரர்களும் கேட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் மலருக்குக் கணினியைப் பற்றியே எழுதுகிறார்களாம். படிக்க ஆள் இல்லையாம்.

மாலாவுக்கு இர்விங்கின் லாஸ் கோலினாஸ் பகுதியில் வேலை கிடைத்தபோது அவளோடு வந்த பெட்டி படுக்கைகளில் நானும் ஒன்று. அதற்கு முன்னால் சென்னை கிண்டியில், நில அளவைக் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் இருந்தேன். லென்ஸைத் துடைப்பது, குறுக்குக் கம்பியை நேர்ப்படுத்துவது, திருகை உடையாமல் இறுக்குவது இதெல்லாம்தான் எனக்குத் தெரிந்த வித்தை. இங்கே கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் சாம்பார் வைத்தேன். வந்த பிறகு, 'ஆப்டிக்ஸ் டெக்னீஷியன் தேவை' என்று ஒரு விளம்பரம் பார்த்து அப்ளை பண்ணினேன். மூக்குக்கண்ணாடிக் கடை என்றுதான் நினைத்தேன். முதல் நாள் உள்ளே போனால் சுவர் முழுக்க ரைஃபிள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்துவிட்டார்கள்.

மாலா ஊரில் எல்லோரிடமும் 'லென்ஸ் கம்பெனி' என்று சொல்லிவைத்தாள். பொய் இல்லையே. அவள் மாமா ஒருவர் மட்டும் போன் பண்ணி, தன் பைஃபோகல் அங்கே மலிவாகக் கிடைக்குமா என்று விசாரித்தார். மாலா என்னை முறைத்தாள். ஏதோ நான்தான் அவருக்குக் கிட்டப் பார்வையைக் கெடுத்த மாதிரி.

அந்தக் கடையில் துப்பாக்கியின் மேல் பார்வைக் கருவிகளைப் பொருத்துவதும், குண்டு போய் விழும் இடத்துக்கு அவற்றைச் சரிசெய்வதும் எங்கள் பிரிவு. மேலாளர் வால்டர். ஆறடிக்கு மேல் உயரம். பேச்சு மட்டும் ரொம்பக் குட்டை. தப்புச் செய்தால் திட்ட மாட்டார். தன் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தொலைத்துவிட்டவர் போல உற்றுப் பார்ப்பார். பிறகு பேசாமல் போட்டுக்கொள்வார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மதியச் சாப்பாடாவது இறங்கியிருக்கும். என்னைக் கேலி செய்ய அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் கிடைத்தது. "டெக்சஸிலேயே தொப்பி போடாத ஒரே வழுக்கை உன்னுடையதுதான்" என்பார். நான் சென்னை வெயிலில் வளர்ந்தவன், இந்த வெயில் என்னை என்ன செய்யும் என்பேன்.

ரெட் டாட் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. துப்பாக்கியின் மேல் ஒரு குட்டி ஜன்னல்; அதன் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளியை எதன் மேல் வைக்கிறீர்களோ அங்கே குண்டு போகும். பழைய முறையில் பின்னால் ஒரு கம்பி, முன்னால் ஒரு கம்பி, அதற்கப்பால் இலக்கு என்று மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். வயதான கண்ணுக்கு அந்த மூன்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் மங்கலாகிவிடும். புள்ளிக்கு அந்தத் தொல்லை இல்லை. இதில் காம்பாக்ட் என்பதன் ஜன்னல் சிறியது, எடை குறைவு. ஃபுல் சைஸின் ஜன்னல் பெரியது. தலை கொஞ்சம் அப்படி இப்படிப் போனாலும் புள்ளி கண்ணுக்கு அகப்படும், ஆனால் துப்பாக்கி கனக்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் ஜனங்கள் இரவெல்லாம் வீடியோ பார்க்கிறார்கள்.

வால்டர் வாடிக்கையாளரிடம் எது வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று தானே பார்ப்பார். பிறகு நம்மையும் பார்க்கச் சொல்வார். பிறகு, நம் இரண்டு பேரையும் நம்பாதவர் போல, குண்டு இருக்கும் இடத்தில் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். கடையின் கோடியில் சுவரில் ஒரு காபி டின் மூடியை ஆணியடித்து வைத்திருந்தார். "கண்ணை மூடு. துப்பாக்கியைத் தோளில் வை. கன்னத்தை வை. இப்போது கண்ணைத் திற. புள்ளி எங்கே?" திறந்த உடனே "மூடி மேல்" என்று பதில் வந்தால் சின்னதே போதும். தீனி தேடும் கோழி மாதிரி கழுத்து அங்கும் இங்கும் போனால் பெரிசு. சிலருக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது, புளியங்கொட்டை மாதிரி இழுத்துக்கொண்டு தெரியும். கருவியைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பிப் பார்க்கச் சொல்வார். கொட்டையும் கூடவே திரும்பினால் கோளாறு கருவியில். திரும்பாமல் அப்படியே நின்றால் கோளாறு கண்ணில். "நல்ல கண் டாக்டராகப் பார்" என்று அனுப்பிவிடுவார், விற்கவே மாட்டார்.

எடையைச் சோதிக்கும் முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாடிக்கையாளர் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது, வால்டர் தன் நாயைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். வாய் திறக்காத மனிதர் அப்போது மட்டும் நாய் என்ன சாப்பிட்டது, யாரைப் பார்த்துக் குரைத்தது என்று போய்க்கொண்டே இருப்பார். எதிரே இருப்பவர் மரியாதைக்காகத் துப்பாக்கியை இறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். நாய் கதை முடிவதற்குள் குழல் தரையைப் பார்த்துச் சாய்ந்துவிட்டால், அவருக்குப் பெரிசு ஆகாது.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது ஒன்று உண்டு. யார் போன் பண்ணி நேரம் கேட்டாலும் வால்டர் சொல்லச் சொல்வது இதுதான்: "வயலுக்கு எப்படிப் போவாயோ அப்படியே கடைக்கு வா." அழுக்கு ஜாக்கெட், கையுறை, கண்ணாடி, பூட்ஸ் எல்லாவற்றோடும் வர வேண்டும். நாங்கள் அதைத் தவறாமல் சொல்வோம். நானும் சொன்னேன், ஒரே ஒருவரைத் தவிர.

அவரைப் பற்றிச் சொல்வதற்குமுன், நம் ஆட்கள் நாலு பேரைச் சொல்லிவிடுகிறேன். இர்விங்கில் இருக்கும் சாஃப்ட்வேர் பையன்கள். நாலு பேரும் சேர்ந்து ஊருக்கு வெளியே நிலம் வாங்கி முருங்கை வைத்தார்கள். காட்டுப்பன்றிகள் வந்து ஒரே ராத்திரியில் நிலத்தை உழுதுவிட்டுப் போயின. உடனே எக்செல் போட்டார்கள். எடை, பேட்டரி, வாரண்டி என்று வரிசையாக எழுதி, மார்க் போட்டு, வாக்கெடுப்பு நடத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபுல் சைஸ் வாங்கினார்கள். என்னைப் பொருத்த விடவில்லை. யூடியூப் பார்த்து நாங்களே பண்ணிக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"அங்கிள், டிஃபெக்டிவ் பீஸ் குடுத்துட்டீங்க. புள்ளியே தெரியல. ரமேஷ் எதிர்ல நின்னு பாத்தான், அவனுக்குத்தான் லைட்டா செவப்பா ஏதோ தெரியுதாம்."

கருவியை முன்பின் மாற்றி மாட்டியிருந்தார்கள். அது போகட்டும். "ரமேஷு, நீ ஏம்ப்பா துப்பாக்கிக்கு எதிர்ல போய் நின்ன?" என்று கேட்டேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எக்செல்லில் அதற்கு ஒரு கட்டம் இல்லை போலிருக்கிறது. நான் வால்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்று அவர் தொப்பிக்குள் வெகுநேரம் பார்த்தார்.

டாக்டர் நாச்சம்மாள் போன் பண்ணியது ஒரு நவம்பர் தொடக்கத்தில்.

"ஏனுங், நீங்க தமிழாளுங்ளா?"

"ஆமாங்க. சென்னை."

"அப்பாடி. இங்கிலீசுல சொன்னா எனக்குக் கோவம் சரியா வர மாட்டேங்குதுங் தம்பி."

எனக்கு அப்போதே வயது அறுபதை நெருங்கிவிட்டது. தம்பி என்று கூப்பிட ஆள் கிடைத்ததில் குளிர்ந்துபோய்விட்டேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சென்னியப்பனும் டாக்டர். இரண்டு பேரும் இர்விங்கிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேர டிரைவில் நிலம் வாங்கி, வெள்ளாடு வளர்த்தார்கள். கணவர் போன பிறகும் அந்த அம்மா அங்கேயே இருந்தார்.

"டாக்டரம்மா, சனிக்கிழமை வாங்க, பாத்துடலாம்" என்றேன். அதோடு சேர்த்து, வயலுக்குப் போகும் உடையில் வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எழுபது வயது அம்மாவிடம், அதுவும் ஒரு டாக்டரிடம், அழுக்குத் துணியைப் போட்டுக்கொண்டு வா என்று எப்படிச் சொல்வது? மாலா காதில் விழுந்தால் என்னை வீட்டை விட்டே துரத்திவிடுவாள்.

சனிக்கிழமை வால்டருக்கு லீவு. டாக்டரம்மா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், நெற்றியில் திருநீறோடு, நேராகக் கோயிலிலிருந்து வந்தார். ஒரு கையில் ரைஃபிள் பெட்டி, இன்னொரு கையில் எள்ளுருண்டை டப்பா. கடையில் இருந்த கௌபாய்கள் எல்லாம் வழி விட்டார்கள்.

என்ன வேண்டும் என்று நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நரி கிட்டயே வராதுங் தம்பி. அவர்தான் எனக்கும் சுடச் சொல்லிக் குடுத்தாரு. இப்ப அவரும் இல்ல. எனக்குக் கேட்டராக்ட் ஆபரேஷன் பண்ணினதுல தூரமெல்லாம் பளிச்சுன்னு தெரியுது, துப்பாக்கி மேல இருக்கற கம்பி ரெண்டும் மங்கிப்போச்சு. போன தடவ குட்டி போட்டப்ப நரி வந்து பாதியத் தூக்கீட்டுப் போயிருச்சுங்."

நரி என்று அவர் சொன்னது இங்கே உள்ள கயோட்டியை. நம் ஊர் நரிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய உண்மையான கவலை நரி இல்லை. சான் ஹோசேயில் இருக்கும் ஒரே மகன் அரவிந்த்.

"தினம் போன் பண்றானுங். நீ அங்க தனியா இருந்து நரிக்கும் திருடனுக்கும் என்ன பதில் சொல்லுவே, எல்லாத்தையும் வித்துப்போட்டு என்கூட வந்துருங்கறான். நானும் ஒரு கோவத்துல சொல்லிப்போட்டனுங். தேங்ஸ்கிவிங்குக்கு வாடா, உன் கண்ணு முன்னால நூறு கஜத்துல பேப்பர் தட்ட வெச்சு அடிச்சுக் காட்டறேன். அடிக்கலீன்னா ஆட்டையும் நிலத்தையும் வித்துப்போட்டு உன் பொறவால வந்தர்றேன்னு."

"அவர் என்ன சொன்னாரு?"

"டீல்ன்னு சொல்லீட்டான். அவுங்கப்பனாட்டமே. ஒத்த வார்த்தை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். அந்த ஆடுகளும் நிலமும் கணவர் விட்டுப்போன வீடும் ஒரு காகிதத் தட்டின் மேல் நின்றன.

கண்ணை மூடச் சொன்னேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டில் வழுக்கிய துப்பாக்கிக் கட்டையைத் தோளில் அழுத்தி வைத்து, கன்னத்தைப் பதித்தார். திறந்ததும், "மூடி மேலதானுங் இருக்குது" என்றார். மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் மூடி மேல்தான். பிரமாதமான பழக்கம். வால்டரின் நாய் கதையை நானே சொல்லிப் பார்த்தேன். பெரிசு மாட்டியபோது நாய் காலை உணவு முடிப்பதற்குள்ளேயே குழல் சாய்ந்தது. சின்னதில் நாய் இரவுச் சாப்பாடு வரை போயிற்று. சந்தேகமே இல்லாமல் காம்பாக்ட்டைப் பொருத்தி, கடையை ஒட்டிய சுடுமிடத்தில் சரிசெய்து கொடுத்து, எள்ளுருண்டையோடு வீட்டுக்குப் போனேன். அன்று என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பு.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"தம்பி, உங்க புள்ளியக் காணமுங்."

"பேட்டரி பாத்தீங்களா?"

"எரியுதுங். மேசை மேல வெச்சுப் பாத்தா இருக்குது. வெளிய போயி நின்னு தூக்கினா இல்ல. தட்டு அது பாட்டுக்கு முழுசா நிக்குது. நரி வந்து அந்தத் தட்டுலயே சோறு திங்கும்போல இருக்குது."

பதற்றத்தில் கை ஆடுகிறது, அதனால் கழுத்து இடம் மாறுகிறது என்று முடிவு கட்டினேன். அப்படியானால் பெரிசு மாற்றிவிட வேண்டியதுதான். அவர் பேரம் பேசவில்லை, மறுபடி அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை பச்சைப் பட்டு. மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாளில் மறுபடி போன். புள்ளி சில சமயம் ஓரத்தில் தலை காட்டுகிறதாம். ஆனால் துப்பாக்கி கனத்துக் கை நடுங்கி, அது குளத்தில் விழுந்த நிலா மாதிரி ஆடுகிறதாம். அவர் குரலில் கேலி இல்லை. "எனக்கு வயசாயிருச்சுங்ளா தம்பி? ஒளிக்காமச் சொல்லுங்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றேன். தேங்ஸ்கிவிங் பண்டிகை வரும் வியாழக்கிழமைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

அங்கே போனபோது எனக்கு முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை. பட்டுப்புடவை எங்கே? கணவரின் கான்வாஸ் ஜாக்கெட், ஜீன்ஸ், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் அகல விளிம்பு வைத்த வைக்கோல் தொப்பி. நவம்பரிலும் வெயில் நம் ஊர் பங்குனி மாதிரி அடித்தது. எனக்கு இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் கொடுத்துவிட்டு, மகனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவனுக்கு விவாகரத்து ஆகிவிட்டதாம். நாலு பெட்ரூம் வீட்டில் ஒற்றையாகக் கிடக்கிறானாம். சமைத்துச் சாப்பிடுகிறானா என்று கேட்டால் 'ஐ'ம் ஃபைன்' என்பதைத் தவிர வேறு பதில் வராதாம். நான் தலையை ஆட்டிக்கொண்டு கொத்சைக் கவனித்தேன்.

வெளியே கிளம்பும்போது என் தலையைப் பார்த்துவிட்டு, "அடக் கடவுளே, மண்டை வெந்துருமுங்" என்று உள்ளே போய், சென்னியப்பன் டாக்டரின் தொப்பியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? டெக்சஸுக்கு வந்து இத்தனை வருஷத்தில் முதல் தொப்பி. காது வரை இறங்கிற்று.

வேலிக்குப் பக்கத்தில் நின்று, காலித் துப்பாக்கியில் மறுபடி சின்னதைப் பொருத்தினேன். நானே கண்ணை மூடி, தோளில் வைத்து, திறந்தேன். புள்ளி இல்லை.

கடையில் தினமும் செய்கிற காரியம். தூக்கத்தில் எழுப்பிச் செய்யச் சொன்னாலும் எனக்குப் புள்ளி கிடைக்கும். மறுபடி செய்தேன். இல்லை. எரிச்சலில் தொப்பியைத் தூக்கி வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டுச் செய்தேன். புள்ளி நடுவில் உட்கார்ந்திருந்தது. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். காணோம்.

விளிம்பு நெற்றிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு பார்வையை மறைக்கிறது. மறைக்காமல் இருக்க, நமக்கே தெரியாமல் மோவாய் மேலே போகிறது. கண் ஒரு விரற்கடை உயர்ந்துவிடுகிறது. சின்ன ஜன்னலுக்கு அந்த ஒரு விரற்கடையே அதிகம்.

"டாக்டரம்மா, கொஞ்சம் தொப்பியக் கழட்டிட்டுப் பாருங்க."

பார்த்தார். "அட! வந்துருச்சுங்!" என்று கத்தினார். ஆடுகள் திரும்பிப் பார்த்தன. பிறகு யோசித்தார். "அதுக்குன்னு, நரி வர்றப்ப நான் தொப்பியக் கழட்டி வணக்கம் சொல்லிப்போட்டா சுடறது? இந்த வெயில்ல தொப்பி இல்லீன்னா எனக்கு மைக்ரேன் வந்துருமுங்."

"கடைக்கு வரும்போது இந்தத் தொப்பியோட வந்திருந்தீங்கன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்குங்க."

"டவுனுக்கு வர்றப்ப, அதுவும் தமிழாள் ஒருத்தர் இருக்கற எடத்துக்கு, இப்பிடியா பிச்சக்காரியாட்டம் வருவாங்க? நீங்க ஒரு வார்த்தை சொல்லலியேங்?"

"உங்ககிட்ட எப்படிங்க அழுக்குத் துணியில வாங்கன்னு சொல்றது?"

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார், என் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார், எனக்கும் அடக்க முடியவில்லை. மரியாதை பார்த்து மரியாதை பார்த்து ஒரு நிலத்தையே விற்க வைத்திருப்போம். உலகத்தில் வேறு எந்த ஜாதி மனிதருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை வால்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடைக்கு என்ன உடையில் வந்தார்?" பட்டுப்புடவை என்றால் என்ன என்று நான் விளக்கினேன். தொப்பியைக் கழற்றினார். உள்ளே பார்க்கவில்லை, அதை அப்படியே என் தலையில் வைத்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எல்லோரும் சின்னதா பெரிசா என்றே கேட்கிறார்கள். எவ்வளவு உயரத்தில் என்று எவனும் கேட்பதில்லை" என்றார். காம்பாக்ட்டையே வைத்துக்கொண்டு, அதன் அடியில் இருக்கும் தாங்கியை மட்டும் உயரமானதாக மாற்றினால் போதும். தலையைக் குனியவே வேண்டாம். தொப்பியோடு நிமிர்ந்து நின்றபடி பார்க்கலாம். எடையும் ஏறாது. ஆனால் அந்த உயரத் தாங்கி கடையில் தீர்ந்துபோயிருந்தது. ஆர்டர் பண்ணினால் பண்டிகை கழித்துத்தான் வரும். வால்டர் உள்ளே போனார். தன் சொந்த ரைஃபிளிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள்தான் கடையில் வருஷத்திலேயே பெரிய கூட்டம்; யாருக்கும் லீவு கிடையாது. "வெள்ளிக்கிழமை நீ வராதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்று வந்த அன்பை அவரிடம் எப்படிச் சொல்வது என்று கடைசிவரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது அரவிந்த் வந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம். ஹூடியின் பையில் கைகளை விட்டுக்கொண்டு, என்னை நிலம் விற்கும் தரகனைப் பார்ப்பது போலப் பார்த்தான். நான் அவன் பக்கத்து ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டதோ என்னவோ. வால்டரின் தாங்கியைப் பொருத்தி, ஒரு அட்டையை நிறுத்தி, டாக்டரம்மாவைச் சுடவைத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, புள்ளியும் குண்டும் ஒரே இடத்துக்கு வரும்வரை வேலை செய்தேன். ஜாக்கெட், பூட்ஸ், தொப்பி எதையும் அவர் கழற்றக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை வாய் நன்றாகவே வந்தது.

அரவிந்தே நடந்து போய் நூறு கஜத்தில் தட்டைக் குத்தி வைத்துவிட்டு வந்தான். நேற்று வான்கோழிக்கு வைத்திருந்த தட்டுகளில் ஒன்று. "அம்மா, யூ ஆர் ஷ்யூர்?" என்றான்.

"நீ ஓரமா நில்லுடா சாமி. காதை மூடிக்க."

தோளில் வைத்தார். நிமிர்ந்து நின்றார்.  வெடித்தது. பைனாகுலரில் பார்த்தேன், தட்டின் விளிம்பில் ஒரு கடி.

"தட்ஸ் தி எட்ஜ்" என்றான் அரவிந்த்.

"ஓரமும் தட்டுதான்டா."

மறுபடி வைத்தார். இந்த முறை அவசரப்படவில்லை. நடுவில் ஒரு ஓட்டை. மூன்றாவது அதற்கு ஒரு விரல் தள்ளி. டாக்டரம்மா துப்பாக்கியைக் காலி செய்து, சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, என் கையில் கொடுத்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆடுகளும் நானும் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தோம்.

அரவிந்த் பிக்கப் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்துவிட்டான். "ஓகே. யூ வின், அம்மா" என்றான். அம்மாவைப் பற்றிய பயம் நீங்கிய மகனின் முகமாக அது இல்லை.

டாக்டரம்மா பக்கத்தில் போய் நின்றார். "ஏன்டா கண்ணு மூஞ்சி இப்பிடிப் போகுது? நரிக்குப் பயந்துதானே என்னைக் கூப்பிட்டே? இப்ப நரிதான் எனக்குப் பயப்படோணும். அப்பறம் என்னடா?"

"நத்திங்."

"அரவிந்து."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தமிழில் பேசினான். அதுவரை அவன் வாயிலிருந்து அம்மா என்ற வார்த்தையைத் தவிர ஒரு தமிழ்ச் சொல்லும் வந்து நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தான். "வீட்ல யாரும் இல்லம்மா. ஈவினிங் வந்தா... எல்லா லைட்டும் நான்தான் போடணும்."

டாக்டரம்மா அவனுக்கு இன்னும் நெருக்கமாக வந்தார். தொப்பியைக் கழற்றினார். எவ்வளவோ பேரை மயக்கத்திலிருந்து பத்திரமாக எழுப்பிவிட்ட கை, மகனின் தலையில் போய் நின்றது.

"இதச் சொல்றதுக்கு எதுக்குடா அந்த நரியை இழுத்தே?"

அவன் சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியாது. தட்டை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன். நூறு கஜத்தை எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன்.

குட்டி போடும் காலம் முடியும்வரை அரவிந்த் கலிபோர்னியா போகவில்லை. அம்மாவின் சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலையைப் பார்த்தான். பிறகு, நிலத்தை விற்காமல், ஆடுகளைப் பக்கத்துப் பண்ணையில் ஒப்படைத்துவிட்டு இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். டாக்டரம்மா சான் ஹோசேயில் கோடை முழுதும் இருந்தார். ஒருநாள் சாயங்காலம் போன் பண்ணி, "அவன் வர்ற நேரமாச்சுங் தம்பி, லைட்டப் போட்டுட்டு வந்து பேசறேன்" என்று வைத்தவர், பிறகு கூப்பிடவே மறந்துவிட்டார்.